பின்சீட்டில் ஆள் இருந்தால்

"இறக்கி விடுய்யா! இது பைக்கா, இல்ல ஃபெனி சாராயம் காய்ச்சுற அடுப்பா?"

வண்டி நிற்பதற்குள்ளேயே வக்கீல் கம்லாகர் குதித்துவிட்டார். பின்சக்கரத்திலிருந்து எழுந்த புகை, மாப்சா மார்க்கெட் மேட்டில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தவர்களை இரும வைத்தது. வண்டியோ கறுப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கும் புது வண்டி. சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட, ஓட்டிவந்த இனாஸ் இன்னும் கிழிக்கவில்லை.

"பிரேக் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது, வக்கீல் சார். புது வண்டி, கொஞ்சம் முரண்டு பண்ணுது."

"புதுசே இப்படின்னா, பழசானா வெடிக்குமா?"

வக்கீல் கறுப்புக் கோட்டை உதறிக்கொண்டு நடந்தே கோர்ட்டுக்குப் போனார்.

எங்கள் ஊரில் பைக்கில் ஆளேற்றிப் பிழைப்பவர்களைப் பைலட் என்பார்கள். இனாஸ் பாதி ஆயுளை அப்படி ஓட்டியவர். விமானத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் எந்தச் சந்தில் எந்த நாய் குறுக்கே வரும் என்பது அத்துப்படி.

பழைய வண்டியை அவர் விற்றதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து, மனைவி பியேதாத்தைப் பின்னால் உட்காரவைத்து வந்துகொண்டிருந்தார். அவள் வழக்கம்போல ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கேக் டப்பா, மறு கையில் குடை. ஒரு வேகத்தடையில் வண்டி துள்ளியது. பன்றிக்கறியில் வினிகர் ஜாஸ்தி என்று இனாஸ் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து, "சரி விடு, உன் அக்கா சமையல் அவ்வளவு மோசமில்ல" என்று சமாதானமும் சொன்னார். பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பியபோதுதான் பின்சீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசியம்கூட இருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களெல்லாம், "உன் தப்பு எதுவும் இல்ல, இனாஸ்" என்றார்கள். அவரும், "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். அந்த வாரமே வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

புது வண்டி தனியாகப் போகும்போது காற்றாய்ப் பறந்தது. ஆள் ஏறினால் மட்டும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறிப் புகைந்தது.

ஷோரூம் சூப்பர்வைசர் வல்லப் கேட்ட முதல் கேள்வியே இனாஸைச் சுட்டது.

"பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்களா?"

"தம்பி, நீ அரைஞாண் கயிறோட திரிஞ்ச காலத்துலேயே நான் பைலட்."

"கோபப்படாதீங்க. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க."

வல்லப் ரோட்டோரம் குந்திக் கவனித்தான். இனாஸ் போனார், வந்தார், மறுபடி போனார். வலது கால் பிரேக் மிதியின் பக்கமே போகவில்லை. வல்லப் மன்னிப்புக் கேட்டு, பிரேக் ஷூவை மாற்றிக் கொடுத்தான்.

மறுநாளே ஒரு கணக்கு டீச்சர் பாதி வழியில் இறங்கி ஓடினார்.

"ஆள் ஏறினாத்தான் பிடிக்குது" என்று ஷோரூமில் இனாஸ் கத்தினார். "நீயே பாரு, இன்னும் தீயுற நாத்தம் வருது!"

"அப்ப பாரந்தான் காரணம்" என்றான் வல்லப். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு முழு அரிசி மூட்டையைக் கொண்டுவந்து பின்சீட்டில் கட்டினான். இனாஸ் பக்கத்து ஊர் சாலிகாவ் வரை போய்த் திரும்பினார். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

வல்லப் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தான்.

"ஒண்ணு பண்ணுங்க. இனிமே அரிசி ஏத்துங்க. மனுஷங்க வேணாம்."

ஷோரூமை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டிய இனாஸ், பஸ் ஸ்டாண்டு ஓரத்து மெக்கானிக்கிடம் போனார். அவன் ஒரு ஸ்பேனரைச் சுற்றினான். "பிடிக்கிற பிரேக்கை லூஸ் பண்ணிட்டேன். இனி பிடிக்கவே பிடிக்காது."

சொன்ன சொல் தவறாத மனிதன். அன்றைக்கு நகராட்சி குமாஸ்தா ஒருவர், தன் பணி ஓய்வு விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, ஜவ்வாது மணக்க ஏறினார். மீன் மார்க்கெட் இறக்கத்தில் இனாஸ் பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை போனது, வண்டி அதையும் தாண்டிப் போனது. முன் பிரேக்கை இறுக்கியதும், மீன் கழுவிய தண்ணீரில் டயர் வழுக்கி, குமாஸ்தா அயிலை மீன் கூடைகளின் நடுவே போய் மல்லாந்தார்.

மீன்காரி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இவரையும் சேர்த்து எடை போடவா, இல்ல தலையை வெட்டிட்டுத் தரவா?"

குமாஸ்தா கையில் கட்டுடனும் செதிலுடனும் பொன்னாடை வாங்கினார். இனாஸ் விரலுக்குப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடி பிரேக்கை இறுக்க வைத்தார். புகையும் திரும்பி வந்தது.

கடைசியில் வண்டியை மாதா கோயிலுக்கு உருட்டிப் போனார். பாதிரியார் ஹேண்டில் முதல் வால் வரை தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். நன்றிக் கடனுக்கு, அவரைக் குன்றின் மேலிருந்த சின்னத் தேவாலயத்தில் கொண்டுபோய் விடுவதாக இனாஸ் பிடிவாதம் பிடித்தார். பாதி மேட்டில் வெள்ளை அங்கியின் அடியில் புகை கிளம்பியது.

"இனாஸ், மந்திரிச்சதோட நிறுத்திக்கலாம்னு இருந்தேன். தூபம் நீயே போட்டுட்ட" என்று சொல்லி, பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இது பைலட் ஸ்டாண்டுக்கு எட்டியது. புளியமர நிழலில் எல்லோரும் சிரித்தார்கள். சக பைலட் சாந்தாராமுக்கு வாய் நீளம்.

"ஆள் ஏறினா மட்டும் பிடிக்குதாமே! பின்சீட்டுல ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்காங்க போல. வேற ஆளுக்கு இடம் விட மனசு வரல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. அதற்குள் இனாஸின் கை விழுந்துவிட்டது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. சாந்தாராம் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் இனாஸுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"வண்டியைச் சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வராத" என்றார் ஸ்டாண்டு தலைவர். "எங்க சவாரியும் கெடுது."

வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இனாஸ் அதன் எதிரே உட்கார்ந்தார். சாந்தாராமின் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பின்சீட்டை உள்ளங்கையால் தடவினார்.

"நீயா?" என்றார் மெல்ல. "நீயா இருந்தா சொல்லிடு. இனிமே நான் யாரையும் ஏத்தல."

பிளாஸ்டிக் உறை வெயிலில் சுடச்சுட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வண்டியை ஷோரூமில் தூக்கிப் போட்டுவிட்டு, மச்சானின் தோப்பில் தேங்காய் எண்ணப் போவது என்று கிளம்பினார். சந்தை நாள். கழுத்தில் பன்றி சாசேஜ் மாலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எர்மெலிந்தா நடுரோட்டில் நின்று கையை நீட்டினாள். சந்தையில் சாசேஜ் விற்பவள். ஆகிருதியான பெண்.

"வேணாம் அக்கா. வண்டி சரியில்ல."

"என் முட்டியும்தான் சரியில்ல. அதுக்காகக் கழட்டியா போட்டுட்டேன்? நகரு."

காலை இருபுறமும் போட்டு ஏறி உட்கார்ந்தாள். அதற்கே ஷாக் அப்சார்பர் முனகியது. புதுச் செருப்பு. வலது பக்கச் சைலன்ஸர் சூட்டில் அது உருகிவிடுமோ என்ற கவலையில், கிளம்பியதிலிருந்தே குனிந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பிடிச்சிருக்கீங்களா அக்கா?" என்றார் இனாஸ்.

"பிடிச்சிருக்கேன்."

கொஞ்ச தூரம் போனதும், "பிடிச்சிருக்கீங்கல்ல?"

"பிடிச்சிருக்கேன்னு சொன்னேன்ல!"

மார்க்கெட் மேட்டில் வண்டி திணறியது. ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க என்ஜின் அலறியது, சக்கரம் நகர மறுத்தது. தீய்ந்த வாசனை வந்தது. இனாஸின் குரல் உடைந்தது.

"பாத்தீங்களா? நீங்களே பாருங்க! நானா பண்றேன்? நான் என்ன பாவம் பண்ணினேன், இந்த வண்டி ஏன் என்னை இப்படிப் பழிவாங்குது?"

எர்மெலிந்தா தன் பருத்த கையை அவர் தோளில் வைத்தாள்.

"இனாஸ், நான் கெட்டியாத்தான் பிடிச்சிருக்கேன், விழமாட்டேன். ஏறினதுலேருந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றியே, அந்தக் காலை எடுப்பா."