வெள்ளிக்கிழமையில் சுறா எண்ணெய்

கலியாண வயதில் கையில் பாலுண்ணி வந்தால் முதலில் புத்திதான் போகும். எனக்குப் போனது எழுபதுகளில், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், நான் புதிதாக ரீச்சரான காலத்தில்.

வலது கை விரல்கள் பாகற்காய்த் தோல் மாதிரி ஆகியிருந்தன. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் ஓடினேன்.

"உடம்பிலை எதிர்ப்புச் சக்தி கூடினால் உது தானாய் விழும், பிள்ளை. நல்லாய்ச் சாப்பிடும். மாதக்கணக்காய் எடுக்கும், பொறுத்திரும்" என்றார் அவர்.

முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. பருத்தித்துறையிலிருந்து வரும் சக ஆசிரியை, சக்திக்குச் சுறா எண்ணெய்தான் என்று ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தாள். கரண்டியால் குடிக்கச் சொன்னாள். நான் போத்தலோடு குடித்தேன். (பச்சை உள்ளிப்பூண்டு வேறு.)

அவர்கள் வந்தது வெள்ளிக்கிழமை. அன்று இரண்டு வீட்டிலும் மீன் வாசற்படி ஏறாது. நானோ காலையிலேயே, கடைசிப் பலம் சேர்க்கவென்று, போத்தலை முடித்திருந்தேன். சேலைத் தலைப்பால் விரல்களை மூடிக்கொண்டு தேத்தண்ணித் தட்டத்தை நீட்டினேன். குனிந்ததும் ஏப்பம் வந்தது.

மாப்பிள்ளையின் தாய் மூக்கைச் சுளித்தார்.

"பிள்ளை, மச்சமோ?"

எங்கள் பக்கத்தில் மீனும் மச்சம்தான், தோலில் இருக்கும் புள்ளியும் மச்சம்தான். தலைப்பு விலகி விரலைக் கண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"இல்லை மாமி, பாலுண்ணி" என்றேன். போதாக்குறைக்குக் கையையும் விரித்துக் காட்டினேன்.

மாப்பிள்ளை தேத்தண்ணியைக் குடிக்காமலே கீழே வைத்தார். "அப்ப நாங்கள் வாறம்" என்று எழுந்தார்கள். அப்பா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஏசியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

சில மாதங்களில் பாலுண்ணிகள் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிட்டன, எவரும் என்னைப் பார்க்க வராத காலத்தில். பிறகு வேறொருவரைக் கட்டினேன். அவருக்கு என் தம்பி கலியாணத்துக்கு முன்பே முழுக்கதையையும் சொல்லிவிட்டான். (அவன் சொல்லாத வீடு ஊரில் இல்லை.)

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும் அவன் வந்திருந்தான். வாசலில் கார் நின்றதும் நேரே குசினிக்குள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்து மூக்கை நீட்டினான்.

"அக்கா, முதல் நீங்கள் ஒருக்கா ஊதுங்கோ பாப்பம்."

ஊதினேன்.