பெயர் தெரியாத பங்காளி

பேரன்புக்குரிய சம்பந்தி ஆதிகேசவன் அவர்களுக்கு, காஞ்சிபுரம் மாணிக்கவேல் கைகூப்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி புவனேஸ்வரி, தங்கள் வருங்கால மருமகள் ஜீவிதா மூவரும் சௌக்கியம். வாலாஜாபாத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை உதயகுமாரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்காமல் ஒரு மாதமாக நான் சாக்குச் சொல்லிவந்த காரணத்தை இன்று கொட்டிவிடுகிறேன். கல்லூரியில் படித்தபோது ஜீவிதா ஏதோ முகாமில் கன்னத்துக்குள் பஞ்சால் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். நாங்கள் மறந்தே போனோம். போன மாதம் அந்த முகாம்காரர்களிடமிருந்து போன் வருகிறது: யாரோ ஒரு ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு இவளுடைய ஸ்டெம் செல் பத்துக்குப் பத்து பொருந்துகிறதாம். (நம் பிள்ளைகளுக்கே ஏழு பொருத்தம்தான் வந்தது.) கொடுக்க இவளும் சம்மதித்தாள். இவளுக்கு ஐந்து நாள் ஊசி; பிறகு சென்னையில் நான்கு மணி நேரம் ஒரு கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் செல்லைப் பிரித்துக்கொண்டு, மறு கையில் திருப்பி ஏற்றினார்கள். இவள் மறுநாளே பிரியாணி கேட்டாள். மயங்கி விழுந்தது நான்தான்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். டாக்டரம்மாவிடம் விவரம் கேட்டேன். “இனிமே அவரு உடம்புல ஊறுற ரத்தம் உங்க பொண்ணு ரத்தந்தாங்க. குரூப்பே மாறிடும்” என்றார். பிடித்தது சனி. எங்கள் ரத்தம் என்றால் எங்கள் பங்காளிதானே? பங்காளி போய்விட்டால் தீட்டு வரும், கல்யாணம் தள்ளிப்போகும். அவரோ பிழைப்பாரா மாட்டாரா என்ற நிலை. பேர், ஊர் எதையும் சொல்ல மாட்டார்கள். எனக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை.

குமரக்கோட்டத்து முருகனிடம் ஓடினேன்.

“யார் பேருக்கு அர்ச்சனை?” என்றார் குருக்கள்.

“பேரு தெரியாது சாமி.”

“நட்சத்திரமாவது சொல்லுங்கோ.”

“ஓ பாசிட்டிவ்.”

அவர் சுவாமி பேரிலேயே அர்ச்சனை செய்துவிட்டு, “எந்த சாஸ்திரத்திலும் இதுக்குத் தீட்டு கிடையாது, நிம்மதியா போங்கோ” என்றார். நிம்மதி வரவில்லை, சம்பந்தி. கல்யாணத் தேதி நினைவே போய்விட்டது. முகம் தெரியாத அந்த மனிதர் பிழைக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

நேற்று போன் வந்தது. செல் வேர் பிடித்துவிட்டதாம், புது ரத்தம் ஊற ஆரம்பித்துவிட்டதாம். “நல்ல சேதி சொல்லிக்கிறாங்க, இன்னாத்துக்கு அழுதுக்கினு இருக்கிறீங்க?” என்று புவனேஸ்வரி அதட்டினாள். அப்பாடா என்று நான்கு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். ஆகவே வருகிற தை முகூர்த்தத்தில் எள்ளளவும் மாற்றமில்லை. பத்திரிகை நாளையே அச்சுக்குப் போகிறது.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாணிக்கவேல்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜீவிதா சொல்கிறாள், ஓர் ஆண்டு கழிந்தபின் அவரும் சம்மதித்தால் பெயரும் விலாசமும் தருவார்களாம். எங்கள் ரத்தம் ஓடுகிற ஒருவருக்குப் பத்திரிகை வைக்காமல் எப்படிக் கல்யாணம் செய்வது? இந்தத் தை வேண்டாம், அடுத்த தைக்கு வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளையிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஜீவிதாவிடமும் தாங்களே சொன்னால் நல்லது.