ஸ்பாஞ்ச் அண்ணன் இணையதளம் எழுப்பிய படலம்

வாழி! ஊசியே வேலாய், சுத்தியலே தண்டாயுதமாய், ரெக்சின் சுருளே வெற்றிக்கொடியாய்க் கொண்டு, உட்கார்ந்தோர் பாரத்தால் நொடிந்துபோன ஆயிரம் ஆசனங்களுக்கு மறுபிறவி அளித்த மாவீரன், திமிறும் ஸ்பிரிங்குகளை முழங்காலால் அடக்கும் மலைத்தோளன், தெருவார் ஸ்பாஞ்ச் அண்ணன் என்றழைக்கும் சோபாவேந்தன் நீடு வாழி! அவன் ஒரு பிற்பகலில் நிகழ்த்திய பெரும்போரை நூலிழையும் கூட்டாமல் உரைக்கப் புகும் இவ்வேளை, வைஃபை என்னும் கண்காணாத் தெய்வமே, படலம் முடியும்வரை அறுந்துபோகாமல் அருள்வாயாக!

போர் மூண்ட காரணம் கேளீர். புதிதாய்த் திறக்கவிருந்த கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்குச் சோபா செய்யும் பெரும்பேறு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலாளர், "உங்க வெப்சைட் லிங்க்கைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று போனில் ஆணை பிறப்பித்திருந்தார். அண்ணனிடம் கடை இருந்தது, கைத்திறம் இருந்தது, வெப்சைட் மட்டும் இல்லை. எதிர்க்கடையில் திரைச்சீலை விற்றுக்கொண்டே இப்போது சோபாவும் செய்வேன் என்று கிளம்பியிருந்த பகைவனோ, தன் வெப்சைட்டை விசிட்டிங் கார்டில் பொறித்து, நாய்கள் நீங்கலாகத் தெருவில் அனைவருக்கும் வழங்கியவன். அண்ணன் லேப்டாப்போடு கடைக்குள் நுழைவதைக் கண்டு, அவன் தன் வாசலில் நின்றபடியே சங்கநாதம் எழுப்பினான்: "என்னண்ணே, கம்ப்யூட்டரா? பஞ்சு இருக்கான்னு பிரிச்சுப் பார்த்துடாதீங்க!"

அச்சொல் பஞ்சுப்பொதியில் விழுந்த பொறியாயிற்று.

உறை தைக்கும் மிஷின்மேல் லேப்டாப் ஏற்றப்பட்டது. ஒரு வரி கம்ப்யூட்டர் கோடும் எழுதத் தெரியாதவன்கூடப் பெட்டிகளை இழுத்து வைத்தே வெப்சைட் கட்டிவிடலாம் என்று சூளுரைத்துக்கொண்டு மூன்று கருவிகள் திரையில் அணிவகுத்தன. இழுத்து வைத்தல்! மூவர் அமரும் சோபாவை முடுக்குப் படிக்கட்டில் ஒற்றையாளாய் இழுத்தேற்றிய தோள்கள் அதைக் கேட்டுப் பூரித்தன. உலகத்தார் ஒப்பிடும் விலை, வேகம், வசதி எதனையும் அவன் ஒப்பிட்டிலன். ஒவ்வொரு கருவியும் மாதிரிக்குக் காட்டிய பக்கத்தில் ஏதோ ஒரு சோபா இருந்தது. இரைகண்ட பருந்தென அவன் பார்வை அதன்மேல் பாய்ந்தது.

முதற் கருவியின் சோபாவில் ஓரத்தையல் பாம்பெனக் கோணிக் கிடந்தது. "தையலே நேரா போடத் தெரியல, இவன் எனக்கு வெப்சைட் கட்டித் தரப்போறானா? மூடு அதை!" என்று இடித்தது வீரகர்ஜனை. இரண்டாம் கருவியில் புன்னகை பூத்த நங்கையொருத்தி அமர்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே மெத்தை குளம்போல் குழிந்திருந்தது. "பாவம், இந்தப் பொண்ணுக்கு முதுகு போயிடும்" என்று இரங்கி, அக்கருவியையும் வீழ்த்தினான். மூன்றாவது திறந்தது. நிமிர்ந்த முதுகு, படைவரிசை போன்ற பொத்தான்கள், அளவுகோல் வைத்துக் கீறினாற்போல் ஓடும் ஓரத்தையல்! மாவீரன் எழுந்து நின்று செருப்பைக் கழற்றினான்.

உறைத்தையல் அரசியாகிய மனைவி கத்தரிக்கோலைத் தாழ்த்தி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பின்னால அடுப்பு தெரியுதே. இது ஏதோ பேக்கரிக்காரங்களுக்குன்னு வச்சிருக்கிற மாதிரி இருக்கு."

"பின்னால இருக்கிறதை எவன் பார்க்கப்போறான்? முன்னால இருக்கிற சோபாவைப் பாரு!"

பின் மூண்ட போரை என்னென்று பகர்வது! கடைப் பெயரை மேலே இழுத்தால் அது பக்கத்தின் அடிவாரத்துக்குப் பாய்ந்தது. போன் நம்பரை நடுவில் நிறுத்தினால் அது அண்ணன் செய்த சாய்வு நாற்காலியின் படத்துக்குள் புகுந்து பதுங்கியது. முடுக்குப் படிகள் பல கண்ட வீரன், கட்டைவிரல் அகலப் பெட்டியோடு மல்லுக்கட்டி மேல்மூச்சு வாங்கினான். மனைவி ஒற்றை விரலால் தட்டித்தட்டிச் சிதறிய படையை மீண்டும் மீண்டும் பழைய இடத்தில் நிறுத்தினாள். கதிரவன் சாய்ந்தான், எதிர்க்கடையில் விளக்கெரிந்தது. தன் படைப்புகளின் படங்களையெல்லாம் ஏற்றி முடித்தபோதும், அந்த மாதிரிச் சோபாவை மட்டும் நீக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. பிறன் கைத்திறமாயினும் வணங்கத்தக்கது வணங்கத்தக்கதே. அதன் காலடியில் சிற்றெழுத்தில் ஏதோ ஒரு வரி ஓடிற்று. மாவீரர் சிற்றெழுத்து வாசிப்பதில்லை. 'வெளியிடு' என்னும் பொத்தான்மேல், திசையானைகள் செவி பொத்த, எட்டுத்திக்கும் நடுங்க, இடியேறு விழுந்தாற்போல் விழுந்தது அவன் ஆட்காட்டி விரல். லிங்க்கும் அம்பெனப் பறந்தது!

சற்று நேரத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, சோபா வேலை உங்களுக்குத்தான், அளவெடுக்க வரும்போது சோபாவுக்குக் கீழ போட்டிருக்கிற அந்த இலவச பன்னும் எடுத்துட்டு வாங்க என்றார்கள்.