சகலையின் சாய்ந்த கழுத்து

“ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க” என்று பேச்சைத் தொடங்குகிறவர்களை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். எந்த ஆராய்ச்சி, யார் செய்தது, எங்கே செய்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேள்வி கேட்கிறவர்கள் உள்ளுக்குள் பயந்தவர்கள் என்று இன்னொரு ஆராய்ச்சியைக் கையோடு எடுத்து நீட்டுவார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மனோதத்துவ மாமணிகள். மனோதத்துவத்தை முறையாகப் படித்தவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். படித்தவர்கள் பாவம், “இருக்கலாம்”, “இன்னும் பார்க்கணும்” என்று இழுத்து இழுத்துப் பேசுவார்கள். மாமணிகளிடம் அந்த இழுவையே கிடையாது.

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மனக்கதவைச் சாத்திவிட்டீர்கள். இல்லை, குளிருகிறது என்று சொன்னால், சாத்திய கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டீர்கள். பேனா மூடியைக் கடித்தால் சின்ன வயதில் உங்களுக்கு ஏதோ கிடைக்காமல் போயிருக்கிறது. கடிக்காமல் இருந்தால், கிடைக்காமல் போனதை மறைக்கிறீர்கள். தப்பிக்க வழி உண்டா?

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர் எனக்கு உறவாகவே வாய்த்திருக்கிறார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், ஆகவே எனக்குச் சகலை. மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா, அது தெளிவா?” என்று பொறுமையாகக் கேட்பார். அந்த வேலையில் கெட்டிக்காரர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணோடு நிற்க மாட்டார். கண்ணுக்குப் பின்னால் போய்விடுவார். இரண்டு வில்லையும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்று சொன்ன ஒருவரிடம், உங்களுக்கு முடிவெடுக்கத் தெரியாத சுபாவம், கல்யாணத்தையே இப்படித்தான் தள்ளிப்போட்டிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற அந்த ஆளின் மனைவி, ஆமாம், வருஷக்கணக்காக இழுத்தடித்தார் என்று சொல்லி, தனக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு போனாள். இதுதான் இந்த இனத்தின் ஆபத்து. நூறு கல் எறிந்தால் ஒரு மாங்காய் விழத்தானே செய்யும்? மாமணிகள் மாங்காயை மட்டும்தான் எண்ணுவார்கள்.

வீட்டிலும் ஆராய்ச்சி நடந்தது. நல்ல நடத்தையை உடனே பாராட்ட வேண்டும், வேண்டாத நடத்தையைக் கண்டுகொள்ளவே கூடாது, அப்போது அது தானாக அணைந்துவிடும் என்று எங்கோ படித்தார். அன்றிலிருந்து அக்கா டீ கொண்டுவந்து வைத்தால் “சபாஷ்” என்றார். ஈரத் துண்டை நாற்காலியில் போடாதீர்கள் என்று அவள் சொன்னால், சுவரில் பல்லி ஊர்வதைப் பார்ப்பவர் போல அமைதியாக இருந்தார். அக்கா சத்தம் போடவில்லை. அவளும் அவரைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தொடங்கினாள். முதலில் அணைந்தது துண்டைப் பற்றிய புகார். அடுத்து அணைந்தது, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடும் வழக்கம்.

இந்த நிலையில்தான் கண்ணாடிக் கடை முதலாளி ஊரின் மறுகோடியில் இன்னொரு கடை திறக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்குப் பொறுப்பாளராக யாரைப் போடுவார்? சகலைக்கு ஆசை இருந்தது. அக்காவுக்கு அவரைவிட அதிகமாகவே இருந்தது. இத்தனை காலம் மற்றவர்களின் பார்வைக்காகக் குனிந்து நின்ற மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவள் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். முதலாளி ஒருநாள் காலையில் அறைக்கு வரச்சொன்னபோது, அவள் கண்டுகொள்ளாமையைக் கொஞ்சம் ஒத்திவைத்து, வாசல் வரை வந்தாள்.

“நேரா கேளுங்க. சுத்தி வளைக்காதீங்க. எனக்கு இந்த வேலை வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க.”

நேராகக் கேட்டால் எதிராளியின் மனம் முரண்டு பிடிக்கும் என்றும், அவர் செய்வதையெல்லாம் நாமும் அப்படியே செய்தால் அவருக்கே தெரியாமல் நம்மேல் பிரியம் சுரக்கும் என்றும் விளக்கிவிட்டுச் சகலை புறப்பட்டார்.

அன்று பார்த்து முதலாளிக்குக் கழுத்துச் சுளுக்கு. தூங்கி எழுந்தபோதே தலை இடது தோளைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அறைக்குள் நுழைந்த சகலை, சாய்ந்த தலையைக் கண்டதும் பூரித்துப்போனார். தலையைச் சாய்த்துப் பார்ப்பது பாசத்தின் அடையாளம் அல்லவா? உடனே தன் தலையையும் இடப்பக்கம் சாய்த்தார். முதலாளி பிடரியைத் தடவினார். சகலையும் தடவினார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு “ஸ்ஸ்” என்றார். சகலையும் “ஸ்ஸ்” என்றார். டீ வந்தது. முதலாளி கோப்பையைக் கன்னத்தோரமாகக் கொண்டுபோய், வாயின் மூலை வழியாக உறிஞ்சினார். சகலையும் அப்படியே செய்ததில் பாதி டீயைச் சட்டைப் பை குடித்தது.

முதலாளி கோப்பையை வைத்துவிட்டு அவரையே உற்றுப் பார்த்தார்.

“உனக்குமாப்பா?”

பிரியம் சுரந்துவிட்டது என்று சகலை முடிவு கட்டினார். “ஆமா சார். எனக்கும் அப்படித்தான்.”

“எவ்வளவு நாளா?”

“வேலையில சேர்ந்த நாள்லேருந்தே சார். வெளிய காட்டிக்கிட்டதில்ல.”

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே காலையில் தனக்கு உயிர் போகிறதே, இந்த மனிதன் வருஷக்கணக்காக இதோடு குனிந்து நிமிர்ந்து ஊருக்கெல்லாம் பவர் பார்த்திருக்கிறானே என்று அவர் நெஞ்சு உருகிவிட்டது. வேறெதுவும் பேசாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் காரில் ஏற்றினார். பாசம் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று எந்த ஆராய்ச்சியிலும் போடவில்லையே என்று சகலை வழியெல்லாம் வியந்தார். கார் நின்றது சுளுக்கு எடுக்கிறவர் வாசலில்.

முதலில் முதலாளி உட்கார்ந்தார். சுளுக்கு எடுக்கிறவர், தேக்குக் கட்டை மாதிரி கை உள்ளவர், தலையை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். “கடக்” என்று ஒரு சத்தம். முதலாளியின் கழுத்து நேராகிவிட்டது. அடுத்து எண்ணெய்க் கையோடு அவர் சகலையைப் பார்த்தார்.

அப்போதுதான் சகலைக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் என்ன சொல்வது? எனக்குச் சுளுக்கு இல்லை என்றால், பிறகு ஏன் கழுத்தைச் சாய்த்தாய், என்னை நையாண்டி செய்தாயா என்ற கேள்வி வருமே? கடை போய்விடுமே. உண்மையா, கழுத்தா என்று ஒரு கணம் யோசித்தார். கழுத்தைக் கொடுத்தார்.

“கடக்.”

நேராக இருந்த கழுத்து இடப்பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டது. இது ரொம்பப் பழைய சுளுக்கு, ஒரே தடவையில் போகாது, அடிக்கடி வர வேண்டும் என்றார் சுளுக்கு எடுக்கிறவர்.

பொறுப்பாளர் பதவி கிடைத்துவிட்டது. ஒரு பக்கமாகப் பார்த்தபடி வீடு வந்து சேர்ந்த சகலை, நடந்ததையெல்லாம் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். இதமாக இருந்தது. “ஆராய்ச்சியில என்ன சொல்லியிருக்காங்கன்னா” என்று அவர் ஆரம்பித்தார். கை நின்றது. அவர் வாயை மூடினார். கை மறுபடி நகர்ந்தது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது. சாயங்காலம் விளக்கு போடுவதற்குள், ‘ஆ’ என்று வலியில் முனகுவதற்குக்கூட அவர் அக்காவின் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டார். அந்தப் படிப்பு ஒரு வாரம் தங்கியது.

புதுக் கடை திறப்புக்கு நானும் போயிருந்தேன். முதலாளி என்னைத் தனியாக ஒதுக்கிக்கொண்டுபோய் உங்கள் சகலை மாதிரி வலி பொறுக்கிற மனிதரைப் பார்த்ததில்லை என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். சுளுக்கு வந்த அன்று காலை அவரைக் கூப்பிட்டதே புதுக் கடைச் சாவியைக் கையில் கொடுக்கத்தானாம். அவருக்குத்தான் என்று எப்போதோ முடிவு செய்தாகிவிட்டதாம். சாவி மேஜை மேலேயே கிடந்ததாம்.

இதைச் சகலையிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? போய்ச் சொன்னேன். அவர் கலங்கவே இல்லை. சாய்வு முக்கால்வாசி குறைந்திருந்த தலையால் என்னைப் பரிவோடு பார்த்தார்.

“அவர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காரு, சகலை. நான் தலையைச் சாய்ச்ச பிறகுதான் அவர் ஆழ்மனசு முடிவெடுத்துச்சு. முன்னாடியே எடுத்த மாதிரி ஞாபகம் பின்னாடி மாத்தி எழுதிக்கும்.”

பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடையின் கண்ணாடிகளைப் பார்த்தேன்.

போகட்டும். இவ்வளவு தூரம் படித்து வந்த உங்களுக்கு, உறவிலோ அலுவலகத்திலோ ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அட, அச்சு அசலாக நம்ம ஆள்தான் என்று சிரித்தும் இருப்பீர்கள். அவர் ஏன் அப்படி ஆனார், சின்ன வயதில் அவரை யாரும் மதிக்காததாலா, இல்லை ஒரேயடியாகத் தலையில் தூக்கி வைத்து ஆடியதாலா என்பதுகூட இதற்குள் உங்களுக்குத் தெரிந்துபோயிருக்குமே? யாரும் சொல்லித் தராமலே தெரிந்துவிட்டது, இல்லையா?

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரரும் இந்நேரம் தன் வீட்டில் உட்கார்ந்து இதே பக்கத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு யார் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்?