எஞ்சின் நாடும் வலை நாடும் ஒரு செத்தவீடும்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இராஜதந்திரத்தைத் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லாத இன்னொரு வீடு இருக்கிறது. கோயிலில் நேருக்கு நேர் வந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது, கலியாணத்துக்குச் சொல்வதா, சொல்வதென்றால் யார் மூலம் சொல்வது என்பதெல்லாம் பல் முளைக்க முன்னமே எங்களுக்குத் தெரிந்துவிடும். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு அந்த இன்னொரு வீடு பக்கத்து வீடு. அப்பாவுடைய சொந்தத் தம்பி வீடு. இருவரும் ஒரு வேலிக்காகக் கதைப்பதை நிறுத்தியபோது நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். (வேலியை நகர்த்தினது ஆர் எண்டு இண்டைக்கும் தீரேல்லை. வேலி தானாய் நடந்து போச்சுதோ தெரியாது.)

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் கொழும்புக்குப் போய் சர்வதேச உறவுகள் படித்தேன். மென்வல்லமை, டிஜிட்டல் இராஜதந்திரம், உணவு இராஜதந்திரம் என்று புதிது புதிதாய் வந்த எல்லாவற்றையும் பாடமாக்கினேன். இந்தக் காலத்துத் தூதுவர் கதவைப் பூட்டிவிட்டு ஒப்பந்தம் எழுதுவதில்லை. ஊருக்குள் போய் மக்களோடு கூழ் குடித்து அந்தப் படத்தை அன்றைக்கே உலகத்துக்குக் காட்டுகிறார் என்று படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்போது அதை நினைத்தாலே கொட்டாவிதான் வருகிறது.

ஊர் திரும்பி, யாழ்ப்பாண நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். தூதரகக்காரரைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பது என் வேலை. தற்காலிக நியமனம். நிரந்தரமாக்குவார்களா இல்லையா என்பதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டின் ஒரே கேள்வி. அப்பா ஓய்வுபெற்ற தபால் அதிபர்; நிரந்தரமில்லாத உத்தியோகத்தை அவர் உத்தியோகமாகவே கணக்கெடுப்பதில்லை.

தூதுவர்களை ‘எக்ஸலன்சி’ என்று அழைக்க வேண்டும். அது நாக்கில் இடறாமல் வருவதற்காக, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது சத்தமாகச் சொல்லிப் பழகினேன். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. அன்றிலிருந்து முற்றத்தில் நின்று, “எக்ஸலன்சி, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?” என்று அரை ஊருக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிடத் தொடங்கினார்.

வேலை நான் கனவு கண்ட மாதிரி இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு தூதுவரும் அதே கேள்விகளைத்தான் கேட்பார். நான் அவரைக் கூட்டிப்போவதும் அதே வடமராட்சிக் கடற்கரைக் கிராமம், அதே கடற்றொழிலாளர் சங்கம், அதே தலைவர் குலம் அண்ணை. பாவம் மனுசன். அவருக்குச் சலித்துப்போய், நான் மொழிபெயர்க்கத் தொடங்கும்போதே பதிலைச் சொல்லி முடித்துவிடுவார்.

“கேள்வி முடியட்டும் அண்ணை.”

“உவர் என்ன புதுசாய்க் கேக்கப் போறாரே தங்கச்சி? எங்களுக்கு என்ன தேவை எண்டு கேப்பார். நான் சொல்லுவன். எழுதிக்கொண்டு போவார். நீர் அவருக்குக் கூழைக் குடும்.”

அந்தக் கிராமத்தை இரண்டு நாடுகள் போட்டி போட்டு நேசித்தன. பெயர்களைச் சொல்ல மாட்டேன். ஒன்று வள்ளங்களுக்கு எஞ்சின் கொடுத்தது, மற்றது வலை கொடுத்தது. ஊரில் எஞ்சின் நாடு, வலை நாடு என்றுதான் சொல்வார்கள். இரண்டும் எங்கோ தூரத்தில் ஒரு எல்லைக்காக முறுகி, தங்கள் நாட்டிலிருந்த மற்றவரின் தூதுவரைத் திருப்பி அனுப்பியிருந்தன. கொழும்பில்கூட இரண்டு தூதுவர்களையும் ஒரே விருந்துக்கு அழைக்க மாட்டார்கள். எங்கள் பாசையில் சொன்னால், கதைபேச்சு இல்லை.

அந்த இரண்டு பேரும் ஒரே கிழமையில் வர விரும்பினார்கள். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கடலுக்குப் போவதில்லை, ஆட்கள் கரையில் இருப்பார்கள். நான் யோசித்தேன். வலை நாட்டுக்குக் காலை, எஞ்சின் நாட்டுக்குப் பின்னேரம். ஒரே பந்தல், ஒரே கதிரைகள், ஒரே பானைக் கூழ். வரவேற்புப் பதாகையில் ஒரு பக்கம் ஒரு கொடி, மறு பக்கம் மற்றக் கொடி. மதியம் திருப்பிவிட்டால் சரி. இந்த மூளைக்கு ஒரு நாடே கொடுக்கலாம் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிகாலையில் குலம் அண்ணையின் அழைப்பு வந்தது.

“தங்கச்சி, மாமா விடியப்புறம் மோசம் போட்டார்.”

இறந்தது அவருடைய தாய்மாமன், கந்தர். தொண்ணூறை எட்டிய கிழவர். “ஐயோ அண்ணை” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் மனிசி. “அப்ப எங்கடை பந்தல்?” என்றும் கேட்டேன்.

“அது நல்லதாப் போச்சு. தூக்கிக்கொண்டு வந்து மாமா வீட்டு வாசல்லை வைச்சாச்சு. தோரணத்தை மட்டும் மாத்திக் கட்டினாச் சரி. கதிரையும் காணும், வேறை எடுக்கத் தேவையில்லை.”

உடனே கொழும்பிலிருந்த எங்கள் நிறுவனப் பணிப்பாளருக்குப் போன் எடுத்தேன். அவர் பாதி நித்திரையில், “சமாளியும். உம்மடை நிரந்தரம் இந்த விசிட்டிலைதான் கிடக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தார். வலை நாட்டுக்கு எடுத்தேன். அவர்கள் ஆனையிறவைத் தாண்டிவிட்டார்கள். எஞ்சின் நாட்டுக்கு எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது செத்தவீட்டு ஒழுங்கையில் நின்றபோதுதான் விளங்கியது. வலை நாட்டுக்காரர் தங்களுக்கு முன்னம் படம் எடுத்துப் போட்டுவிடுவார் என்று யாரோ சொல்ல, எஞ்சின் நாட்டுக்காரரும் காலையிலேயே கிளம்பிவிட்டார். வலை நாட்டின் கறுப்பு வாகனம், சங்கத்துக்கும் போகிற அதே ஒழுங்கைக்குள் திரும்ப, அதன் பின்னால் எஞ்சின் நாட்டின் வெள்ளை வாகனமும் திரும்பியது.

வாசலில் வைத்தே இரண்டு பேரையும் திருப்பி அனுப்பப் பார்த்தேன். அதற்குள் குலம் அண்ணை வெளியே வந்து, வலை நாட்டுத் தூதுவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழத் தொடங்கினார். மாமாவின் சாவைக் கேள்விப்பட்டு ஒரு நாடே வந்திருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். பிறகு எஞ்சின் நாட்டையும் பிடித்து அழுதார். அழுது முடித்து, இருவரையும் முன்வரிசையில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருத்தினார்.

“அண்ணை, அவையை ஒண்டாய் இருத்தக் கூடாது” என்று காதுக்குள் சொன்னேன். “அவை ரெண்டு பேரும் கதைபேச்சு இல்லை.”

“செத்தவீட்டிலை ஆர் தங்கச்சி உதெல்லாம் பாக்கிறது? மாமாவோடை கதையாத ஆக்கள் எல்லாரும் வந்து நிக்கினம், பாரும். அந்தா தண்ணி குடுக்கிறவர், அவரோடை வேலிச் சண்டை. அவருக்குப் பக்கத்திலை நிக்கிறவர், கோட்டிலை வழக்கு. பாடை கட்டிறவர், அவருக்கு மாமா ஒருக்காக் கிணத்துத் துலாக்கட்டையாலை அடிச்சவர்.”

நான் இன்னொரு கதிரையை இழுத்து, வலை நாட்டுத் தூதுவரின் மறுபக்கத்தில் இருந்துகொண்டேன்.

தூதுவர்கள் இருவரும் நிமிர்ந்து, நேரே கந்தர் மாமாவைப் பார்த்தபடி இருந்தார்கள். பார்க்கக்கூடிய வேறு இடம் அவர்களுக்கு இல்லை. ஆளுக்கொரு சமூக ஊடக உத்தியோகத்தர் வந்திருந்தார். மற்ற நாட்டுக்காரரின் தோள்மூட்டுக்கூடப் படத்தில் விழாமல் எடுப்பதற்காக இரண்டு பேரும் நிலத்தில் படுத்தும் கதிரையில் ஏறியும் பார்த்தார்கள். அவர்கள் பட்ட பாடு வீண். பந்தல் காலில் ஏற்கெனவே ஒரு கமெரா கட்டியிருந்தது. மாமாவின் பிள்ளைகள் கனடாவில். செத்தவீடு முழுவதும் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

மைக் பிடித்தவர் என்னிடம் வந்தார். “தங்கச்சி, உவை ஆரெண்டு எழுதித் தாங்கோ. பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கினம்.”

எழுதிக் கொடுத்தேன். ‘மேன்மை தங்கிய’ என்று தொடங்கி, முழுப் பெயர், முழுப் பதவி, எழுத்துப்பிழை இல்லாமல். யாரை முதலில் போடுவது என்ற சிக்கலை அகர வரிசையில் தீர்த்த பெருமை வேறு. அவர் அதை வாங்கிப் போய், “மேன்மை தங்கிய இரு தூதுவர்களும் ஒன்றாக வருகை தந்து” என்று கணீரென்று தொடங்கினார். ‘ஒன்றாக’ என்பது அவருடைய சொந்தச் சரக்கு. அதோடு விடாமல் இரண்டு பேரையும் இரங்கலுரைக்கும் அழைத்துவிட்டார்.

வலை நாட்டுத் தூதுவர் என் பக்கம் குனிந்து, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? “எல்லைகள் விடயத்தில் மிக உறுதியானவர். அயலவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்” என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் எழும்பி, எல்லையை மதித்து அயலவரோடு வாழத் தெரிந்த ஒரு பெருமகனை உலகம் இழந்துவிட்டது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். உள்ளே ஒப்பாரி பாதியில் நின்றது. தண்ணீர் கொடுத்தவர் செம்போடு வீட்டின் பின்பக்கம் போனார். பாடை கட்டியவரின் முதுகு குலுங்கியது. விடுவாரா எஞ்சின் நாட்டுக்காரர்? எழும்பி, இப்படி ஒரு அயலவர் தன் நாட்டுக்கும் வாய்த்திருந்தால் என்று தழுதழுத்தார். பக்கத்துக் கதிரை நெளிந்தது.

கடைசியில் பூப்போடச் சொன்னார்கள். பூத்தட்டு ஒன்றுதான். முதலில் வலை நாட்டுக்காரர் போட்டார். போட்ட கையோடு, எங்களூர் ஆட்களைப் பார்த்துப் பழகிய குற்றத்துக்கு, தட்டை அடுத்தவரிடம் நீட்டினார். நீட்டின பிறகுதான் அடுத்தவர் யாரென்று கண்டார். தட்டைத் திருப்பி இழுக்க முடியாது. மற்றவரும் எடுக்காமல் நிற்க முடியாது. எஞ்சின் நாடு தலையைக் குனிந்து ஒரு பிடி பூ எடுத்தது. அந்த ஒரு நொடி, பந்தல் கால் கமெராவில் அழகாக விழுந்தது.

பின்னேரத்துக்குள் அந்தப் படம் உலகத்தைச் சுற்றிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இரகசியப் பேச்சு என்று எழுதினார்கள். செத்தவீட்டு இராஜதந்திரம் என்று யாரோ புதிதாகப் பெயரும் வைத்தார்கள். இரண்டு தூதுவர்கள் ஒன்றாக வருகிறார்களென்றால் இறந்த பெரியவர் நீண்டகாலம் மறைவில் இயங்கிய சமாதானத் தூதராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் நிறுவினார். இரண்டு அரசாங்கங்களும் அப்படி ஒரு சந்திப்பு நடக்கவேயில்லை என்று அறிக்கை விட்டன. அடுத்த நாள், ஒரே இடத்தில் இருந்தது உண்மை, ஆனால் சந்திக்கவில்லை என்று மாற்றி விட்டன.

அப்பா அதைப் பேப்பரில் வாசித்துவிட்டுச் சொன்னார்: “உது சரியான பதில்தான் எக்ஸலன்சி. கொம்மாவின்ரை தங்கச்சியின்ரை கலியாணத்திலை நானும் உவன் தம்பியும் உப்பிடித்தான் இருந்தனாங்கள்.”

பணிப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒரு நாட்டோடை குழப்பியிருந்தா மன்னிச்சிருப்பன். நீர் ரெண்டு நாட்டோடையும் குழப்பிப்போட்டீர்” என்றார். நிரந்தரம் இல்லை, தற்காலிகமும் இல்லை. அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன். படித்த படிப்பு, வீட்டார் வைத்த நம்பிக்கை எல்லாம் ஒரு பூத்தட்டில் போய்விட்டதே என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. வாழ்க்கையில் குசினிப் பக்கம் போகாத அப்பா கோப்பையோடு நின்றார். “எக்ஸலன்சி, தேத்தண்ணி” என்று வைத்துவிட்டுப் போனார். அதில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருந்தார். குடித்தேன்.

முப்பத்தோராம் நாள், நினைவு மலராக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் கந்தர் மாமாவுக்கும் வந்தது. அவர் படத்தின் கீழே ‘சர்வதேச சமாதானத் தூதுவர்’ என்று அச்சடித்திருந்தார்கள். துலாக்கட்டை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இப்போது நான் மருதனார்மடத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அதுவும் நிரந்தரமில்லை. பின்னேர பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது, உலகத்தை யார் ஆண்டால் எனக்கென்ன, ஒரு சீற் கிடைத்தால் போதும் என்றிருக்கும். எங்கள் சொந்தத்தில் கலியாணமோ சடங்கோ வந்தால் மட்டும் என் பழைய உத்தியோகம் உயிர் பெறும். “கதையாத ஆக்களை எங்கை இருத்திறது எண்டு பிள்ளையைக் கேளுங்கோ, அவ வெளிநாட்டுக்காரரையே இருத்தினவ” என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாதான் எல்லோருக்கும் மேலாகச் சிரித்தவர்.

போன வருடம் அப்பா போய்விட்டார். பந்தல் போட்டு, கதிரைகளை நானே அடுக்கினேன். ஆளுக்காள் வந்து இருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு படலையடியில் ஒருவர் வந்து, உள்ளே வராமல் நின்றார். சித்தப்பா. வந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் எழும்பிக் கிட்டப் போனேன். என்ன முறைசொல்லி அழைப்பது என்றுகூட வாயில் வரவில்லை, அத்தனை வருடம்.

அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்: “எக்ஸலன்சி, எனக்கு எங்கை கதிரை?”

அந்தப் பெயரை அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்பட்டிருக்காது. அப்பா முற்றத்தில் நின்று ஒவ்வொரு நாளும் கூப்பிட்டதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் தலைமாட்டில் வைத்தேன். சித்தப்பா அதில் இருந்து முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார். காலையிலிருந்து ஓயாமல் அழுத அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“லைவ் போகுதோ பிள்ளை? வடிவாய் எடுக்கச் சொல்லு. நாளைக்கு வரேல்லை எண்டு அறிக்கை விடுவார்.”

வேலி அதே இடத்தில்தான் நிற்கிறது. சித்தப்பா இன்றுவரை மறுப்பு எதுவும் விடவில்லை.