என் ஜெபம் ஜெபராஜுக்குப் போன கதை

ஷைனி, ஜோயல், சாப்பாட்டுக்கு முன்னால் நான் கண்ணை மூடினால் போதும், "அப்பா, மறக்காம நம்ம பேரைச் சொல்லுங்க" என்று இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அம்மா சொல்லிக் கொடுத்தது. அதன் பின்னால் இருக்கும் கதை உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எனக்கே முழுசாக விளங்காத கதை. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்போது நான் மலைமேல் செண்பகனூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சீசனில் தூங்க நேரமிருக்காது. மழைக்காலத்தில் தூங்குவதைத் தவிர வேறு சோலி இருக்காது. அந்தச் சமயத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர் வேலை காலி என்று கேள்விப்பட்டேன். மாதச் சம்பளம், ஒழுகாத குவார்ட்டர்ஸ், டிரைவர் பிள்ளைகளுக்கு அங்கேயே படிப்பு. நீங்கள் இருவரும் அந்த யூனிபாரத்தில் நடந்து போவதை மனதுக்குள் பார்த்தே விட்டேன்.

வெளியே சொன்னால் வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆண்டவரிடமும் அம்மாவிடமும் மட்டும்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். உபவாசத்தை வெளியே காட்டக் கூடாதே, அதனால் டீக்கடை பாய் கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன். (பொய் சொல்லிக்கொண்டு உபவாசம் இருந்தால் அது கணக்கில் சேருமா என்று இன்றுவரை தெரியவில்லை.) கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டிக்காரன் ஜெபராஜும் வயிறு சரியில்லை என்றான். பாய் பயந்துபோய் அன்றைக்கு வடை போடுவதையே நிறுத்திவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பசி மயக்கம்.

எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்போம். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். ஆமென் சொல்வதில் நான் பேர் வாங்கியவன். கீழே இருக்கும் அடுக்கம் கிராமம் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

அந்த வாரம் ஜெபராஜ் வீட்டில் கூட்டம். அவன் முறை வந்தது.

"ஆண்டவரே, அந்த ஸ்கூல் வேன் வேலைய எனக்கே குடுங்கப்பா. யாரும் குறுக்க வராம பாத்துக்கங்க."

பழக்கதோஷம். நான்தான் முதலில், எல்லோரையும் விடச் சத்தமாக, ஆமென் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவன் கேட்டது என் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது என் முறை. தயாராக வைத்திருந்த ஜெபத்தை இனி எப்படிச் சொல்வது? குறுக்கே வருகிற ஆளே நான்தான். உட்கார்ந்திருப்பதோ அவன் வீட்டு ஜமுக்காளத்தில். அடுப்படியில் அவன் மனைவி எங்களுக்குச் சுக்குக்காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள். என் வாய் என்னைக் கேட்காமல் ஓடியது. "ஆண்டவரே, தம்பி கேட்டதத் தம்பிக்கே குடுங்க."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஒரு குரல் மட்டும் வரவில்லை. உங்கள் அம்மா குரல்.

திரும்பி வரும் வழியில் பாதித் தூரத்தில் அவள் கேட்டாள்.

"ஜெபராஜ் அண்ணனுக்கு ரெண்டு பேரு கேட்டாச்சு. நமக்கு யாருங்க கேப்பா?"

"நீ கேளேன், மலர்."

"புருசன் ஒண்ணு கேட்டு பொண்டாட்டி ஒண்ணு கேட்டா ஆண்டவரு கொழம்பிற மாட்டாரா?"

அவர் குழம்பினாரோ என்னவோ, நான் நன்றாகக் குழம்பிப் போனேன். இன்டர்வியூவுக்குப் போனால் என் ஜெபம் பொய்யாகிவிடும். போகாவிட்டால் உங்கள் படிப்பு போய்விடும். இன்டர்வியூ அன்றைக்கு அம்மா, "வெள்ளனே கெளம்புங்க" என்று தேய்த்த சட்டையைக் கையில் கொடுத்தாள். ஆண்டவர் சித்தம் எதுவென்று தெரியவில்லை. அம்மா சித்தம் தெளிவாகத் தெரிந்தது. போனேன்.

பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் ஜெபராஜ் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். லைசென்ஸும் சர்டிபிகேட்டும் இருந்த கவரை ஸ்வெட்டருக்குள் தள்ளிக்கொண்டேன். அவன் எழுந்து வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, எனக்காகவா வந்தீங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமா தம்பி," என்றேன்.

உடனே என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். வேறு வழி? மறுபடியும் ஜெபித்தேன். கவரின் முனை வயிற்றில் குத்திக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தால், எதிரே மேனேஜர் தலைகுனிந்து நிற்கிறார். யார் என்று விசாரித்தார்.

"எங்க சபை அண்ணன் சார். ஓட்டத்த விட்டுட்டு எனக்காக வந்திருக்காரு."

மேனேஜர் என் கையைக் குலுக்கினார். இப்படிப்பட்ட சகோதரர்கள் உள்ளவனை நம்பி வேன் கொடுக்கலாம் என்று சொல்லி அவனை உள்ளே கூட்டிப்போனார். எனக்கு ஒரு டீ கொடுக்கச் சொன்னார்.

வேலை ஜெபராஜுக்குக் கிடைத்தது. அதோடு விட்டதா? ஊரில் வேலை தேடுகிறவர்களெல்லாம் என்னிடம் ஜெபிக்கச் சொல்லி வருகிறார்கள். சிலருக்குக் கிடைத்தும் விடுகிறது. "நமக்கு எதுவும் வேணும்னா ஜெபராஜ் அண்ணங்கிட்ட ஜெபிக்கச் சொல்லி வைப்போமா?" என்று அம்மா கேட்பது அதனால்தான். என் ஜெபம் கேட்கப்பட்டதா இல்லையா என்று யாராவது கேட்டால் எந்தப் பதில் சொல்வது? இரண்டுமே சரியாகத்தான் படுகிறது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. இதை அம்மாவிடமும் சொன்னதில்லை. மலை இறங்கும் வத்தலக்குண்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஆள் இல்லாத ஒரு வளைவில் காரை ஓரங்கட்டினேன். ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினேன். "எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு, ஆண்டவரே. எம் பிள்ளைகளுக்கு," என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்குத் தோன்றிய வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். முடித்தபோது கண்ணாடி முழுக்க என் மூச்சு படிந்து, ரோடே தெரியவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்த துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.