ஏழு மலையும் ஒரு கெடா விருந்தும்

நான் மலை ஏறப்போவதாக அறிவித்ததும் சமையலறையில் மிக்சி நின்றது.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?"

"வெள்ளியங்கிரி. வர்ற ஞாயித்துக்கிழமை. ஏழு மலையும். விடியால ஏறிப் பொழுதோட எறங்கறேன்."

என் மனைவி மதிவதனி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வயிற்றருகே வந்தபோது பார்வை கொஞ்ச நேரம் தங்கியது. அவளைக் குறை சொல்ல முடியாது. துடியலூரில் எங்களுக்கு இரண்டாவது மாடி. லிப்ட் ரிப்பேரான அன்று ஆபீசுக்கு லீவு போட்டவன் நான்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காங்கேயத்தில் என் சிநேகிதன் பாலுசாமி அந்த ஞாயிற்றுக்கிழமை குலதெய்வத்துக்குக் கெடா வெட்டுகிறான். நான் போகவேண்டிய இடம் அதுதான்.

போக முடியாத காரணம் என் ரத்தம். பொங்கல் முடிந்து அதைச் சோதித்த டாக்டர், "உங்களுக்குக் கொழுப்பு அதிகம்" என்றார். கல்யாணமான நாளாக மதிவதனி சொல்லிவருவதைத்தான் அவர் பீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி கிடையாது. கொள்ளு, கீரை, மறுபடியும் கொள்ளு. பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு கொதித்தால் நான் பால்கனியில் நின்று மூச்சுப்பயிற்சி செய்கிறேன்.

வெள்ளியங்கிரியைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்றால் இவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வருவாள். அந்த மலையில் பெண்கள் ஏறும் வழக்கமில்லை. போனால் நாள் முழுக்க ஆகும். திரும்பும்போது கண் சொருகி, கால் தள்ளாடி வரவேண்டும். கெடா விருந்து முடித்தவனும் அப்படித்தான் வருவான். யாரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும்?

வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பாதையை நெட்டுருப் போட்டேன். ஆபீசில் பங்காரு போன வருஷம் மலை ஏறிய மூங்கில் தடியை இரவல் வாங்கிக் கார் டிக்கியில் ஒளித்தேன். ஏறிவந்ததற்குச் சாட்சி வேண்டுமல்லவா?

"மொதல்ல செங்குத்தாப் படி, அம்மணி. அப்புறம் வழுக்குப்பாறை. அப்புறம் காடு, சுனை. மேல போனா புல்லு, காத்து, வெள்ளை மண்ணு."

"கேக்கவே கால் வலிக்குதுங்க. கூட யாரு வர்றாங்க?"

"தனியாத்தான். சாமிகிட்டத் தனியாப் பேசோணும்."

"ஊட்டுலயே நீங்க பேசறதில்லீங்களே?"

"இங்க எனக்கு முறை வர்றதில்லையே!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்போதே என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

"நல்ல காரியமுங்க. ஆனா சாமி மலை. இன்னைக்கிருந்து முட்டைகூடக் கூடாது. கட்டல்ல படுக்காதீங்க, பாய்ல படுங்க."

முட்டை போனது. மெத்தை போனது. ஞாயிற்றுக்கிழமை வட்டியோடு வசூலித்துக்கொள்ளலாம் என்று தாங்கிக்கொண்டேன். பாலுசாமிக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்:

"மதிக்கு நீ போன் பண்ணாதப்பா. நானே சொல்லிக்கறேன்."

"சத்தியமாப் பண்ண மாட்டனப்பா."

ஞாயிறு விடியலில் காரைத் திறந்தேன். முன் சீட்டில் என் மச்சினன் வேலன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மடியில் பை, கழுத்தில் விசில்.

"வாங்க மாமா! உங்களைத் தனியா அனுப்பக் கூடாதுன்னு அக்கா மாத்துச் சாவி குடுத்து உக்கார வெச்சுப்போட்டுதுங்க."

மாடியிலிருந்து மதிவதனி கையசைத்தாள். கார் கிழக்கே காங்கேயம் போகவேண்டியது, மேற்கே போனது. அடிவாரத்தில் டிக்கியைத் திறந்த வேலன் தடியைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏனுங் மாமா, ஏறறதுக்கு முன்னாடியே நுனி தேஞ்சு கெடக்குது?"

"ஊட்டுல பழகிப் பாத்தேன்."

முதல் மலையில் படிகளைத் திட்டினேன். இரண்டாவதில் பங்காருவைத் திட்டினேன். வழுக்குப்பாறையில் திட்ட மூச்சில்லை, உட்கார்ந்தே நகர்ந்தேன். நான் உட்காரும்போதெல்லாம் வேலன் விசில் ஊதினான். வீடியோவில் பார்த்த காடு, சுனை, புல், வெள்ளை மண் எல்லாம் சொல்லிவைத்த வரிசையில் வந்தன. நெட்டுருப் போட்டது வீண் போகவில்லை. அடுத்து என்ன வந்து கொல்லப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது.

உச்சியில் கண்ணை மூடினேன். காங்கேயத்தில் இந்நேரம் முதல் பந்தி. இலையில் தலைக்கறி விழுந்திருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பக்திங்க மாமா," என்றான் வேலன், ஒரு வாழைப்பழத்தை நீட்டி.

பொழுது சாய அடிவாரம் வந்தபோது போனுக்கு உயிர் வந்தது. பாலுசாமி.

"ஏம்ப்பா, நீ வராம போயிட்டயே? மதிவதனி வந்துச்சு. ரெண்டாந் தரம் குடல் கேட்டு வாங்கிச் சாப்புட்டுது!"

"அவளுக்கு நீ போன் பண்ணுனயா?"

"பண்ணலியே! போன்ல கூப்புட்டா மரியாதையாப்பா? போன வாரமே என் சம்சாரம் உங்க ஊட்டுக்கு நேர்ல போயி, குங்குமம் குடுத்துக் கூப்புட்டுதே!"

என் மூளை அப்போதுதான் மலையிறங்கியது. எங்கள் பக்கத்தில் ஆம்பிளையிடம் சொல்வது வெறும் தகவல்தான். வீட்டுக்கு வந்து பொம்பளையைக் கூப்பிட்டால்தான் அது அழைப்பு. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது மறந்துபோனது. அப்படியென்றால் நான் மலையை அறிவித்தபோதே அவளுக்கு எல்லாம் தெரியும்.

அன்றைக்கென்று லிப்டும் ரிப்பேர். இரண்டு மாடியையும் வேலனின் தோளில் சாய்ந்து ஏறினேன். அது எட்டாவது மலை. கதவைத் திறந்த மதிவதனியின் பட்டுச்சேலையில் மசாலா மணத்தது.

"கூப்புட்டதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீ?"

"சொல்ல வந்தனுங்க. நீங்க மலைன்னீங்க. சாமிக்குன்னு ஒரு மனுசன் கெளம்பும்போது கறியைச் சொல்லிக் கெடுக்கலாமுங்களா? அதான் நானே காங்கேயம் பஸ் ஏறிப் போயி, குடும்பத்துக்கு ஒரு ஆளாத் தலையைக் காட்டிப்போட்டு வந்தனுங்க."

மேஜைமேல் தூக்குப்போசி ஒன்று இருந்தது. மூடியோரம் கறிக்குழம்பின் எண்ணெய் மினுங்கியது. என் கை தானாக நீண்டது. எனக்கு முன்னால் வேலனின் கை போய்விட்டது.

"அது அவனுக்குங்க. உங்களுக்காகக் கெடா விருந்தையே உட்டுப்போட்டு வந்த புள்ளை."

"அவனுந்தான மலை ஏறுனான்?"

"அவன் ரத்தத்துல கொழுப்பு இல்லீங்களே!"

எனக்குக் கொள்ளு ரசம் வந்தது. குனிந்து பிசைந்துகொண்டிருந்த என்னிடம் மதிவதனி அன்பாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அடுத்த மாசம் எங்கம்மா ஊட்டுல கெடா வெட்டு. அன்னைக்கு எந்த மலைன்னு இப்பவே சொல்லிப்போடுங்க, வேலன் லீவு போடோணும்."